பெரியப்பாவின் துப்பாக்கியும் கைமாறிய பட்டியலும்

துப்பாக்கி விஷயத்தில் என் நிலைப்பாடு பல வருடங்களாக ஒன்றுதான். சாதாரண மக்கள் கையில் துப்பாக்கி எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது. அப்படியும் யாரிடமாவது இருந்தே தீரும் என்றால், அது யாரிடம், எந்தத் தெருவில், என்ன எண்ணில் இருக்கிறது என்று அரசாங்கத்துக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. கணவன் மனைவி சண்டை என்று நள்ளிரவில் போலீசுக்குப் போன் போகிறது. அந்த வீட்டுக்கு வருகிற காவலருக்கு, உள்ளே ஒரு ரிவால்வர் இருக்கிறதா என்று படியேறும் முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? ஆனால் 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்று, இந்த நிலைப்பாட்டைத் தகர்க்கவில்லை என்றாலும், அதில் நிம்மதியாக இருக்கவும் விடவில்லை. அரசாங்கத்துக்குத் தெரிவது வேறு, ஊருக்கே தெரிவது வேறு என்று வாயால் சொல்லிவிடலாம். முதலாவது எந்த இடத்தில் இரண்டாவதாக மாறுகிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்த பிறகு, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

பெரியப்பா வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சிறுத்தையும் யானையும் வந்து போகிற இடம். அங்கே இருந்தபோது வாங்கியது அந்த 12 போர் டபுள் பேரல். ஓய்வுபெற்றுச் சென்னைக்கு வந்ததும், கோவை மாவட்ட ஆட்சியர் கொடுத்த லைசென்ஸை இங்கே ஆணையர் அலுவலகத்துக்கு முறைப்படி மாற்றிக்கொண்டார். மாவட்டங்களில் ஆட்சியர், சென்னை மாதிரி மாநகரத்தில் காவல் ஆணையர். இதுதான் ஏற்பாடு. இங்கே வந்த பிறகு ஒரு தோட்டாகூட அதில் போட்டதில்லை. படுக்கையறை பீரோவில், பேரல் தனி, கட்டை தனியாகக் கழற்றி, கான்வாஸ் உறையில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார். அவ்வப்போது வெளியே எடுத்து, நீளக் கம்பியின் நுனியில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி எண்ணெய் தொட்டு, குழாய்க்குள் விட்டு இழுப்பார். துணி கறுப்பில்லாமல் வரும் வரை விடமாட்டார். "இதை யாருக்காவது கொடுத்துத் தொலைக்கக் கூடாதா?" என்று பெரியம்மா கேட்காத வருடம் இல்லை. அவர் காதில் வாங்கிக்கொண்டதும் இல்லை.

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். 2024இல் மார்ச் 16ஆம் தேதி அறிவிப்பு வந்தது. ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும், அவருக்கு முழங்கால் வலி என்பதால் நானும் கூடப் போனேன்.

கடைசிக் கட்டம்

எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் எங்களிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ரைட்டர் பெரியப்பாவை உட்காரச் சொல்லி, துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடியில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். தேய்ந்துபோன ஓர் இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தில் இருப்பதோடு ஒப்பிட்டு, "எட்டுதான்" என்றார். ஓர் அட்டைத் துண்டில் பெயரை எழுதி, விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தில் சணல் கயிற்றால் கட்டினார். ரசீது எழுதும்போது அவர் முன்னால் இருந்த தாளை நானும் பார்த்தேன். அந்த ஸ்டேஷன் எல்லையில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பட்டியல். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, செல்போன் எண், என்ன ஆயுதம், அதன் எண், லைசென்ஸ் எப்போது முடிகிறது, ஒப்படைத்த தேதி. எல்லாம் முடிந்து கடைசியாக "குறிப்பு" என்று ஒரு கட்டம். பெரியப்பாவின் வரிசையில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: "வயதானவர். மனைவியுடன் தனியாக. போன் செய்தால் வருவார்."

எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். வயதானவரை அலைக்கழிக்க வேண்டாம், வீடு தேடிப் போக வேண்டாம், ஒரு போன் போதும் என்று அடுத்து வருகிற காவலருக்கு விட்டுப்போன தகவல் அது. அக்கறையோடு எழுதிய குறிப்பு என்றே சொல்லலாம். ஆனால் அதே மூன்று வாக்கியங்களை வேறொருவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

சில நாட்களில் அந்தத் தாளின் புகைப்படம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவுக்கு வந்தது. 'பலமுறை பகிரப்பட்டது' என்ற அடையாளத்தோடு வந்ததால் எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கூடவே "நம்ம ஏரியாவில் இவங்க கிட்ட எல்லாம் துப்பாக்கி இருக்கு, உஷார்" என்று ஒரு வரி. நாங்களும் பெரியப்பாவும் ஒரே குடியிருப்பில்தான் இருக்கிறோம், அவர்கள் மூன்றாவது மாடி. இரண்டு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் "அங்கிள், மாஸ்" என்றார். அப்புறம் பெரியப்பாவின் எதிர்வீட்டுப் பெண், இரண்டு சின்னப் பிள்ளைகளின் அம்மா, ஒரு கேள்வி போட்டாள். என்னிடம் நேரிலும் அதையே கேட்டாள்: "அக்கா, என் பசங்க தினமும் தாத்தா வீடு தாத்தா வீடுன்னு ஓடுறாங்க. அங்க துப்பாக்கி இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவள் கேட்டது முழுக்க நியாயம். பிள்ளை விளையாடப் போகிற வீட்டில் துப்பாக்கி இருந்தால் பெற்றவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தோட்டா கிடையாது, பூட்டித்தான் இருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும், அவளுக்கு எப்படித் தெரியும்? அன்று மாலை பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு பீரோவைத் திறந்து காட்டி, "இந்த இடத்துலதான் இருக்கும்மா, இப்ப ஸ்டேஷன்ல இருக்கு. திரும்பி வந்ததும் சொல்றேன். சாவி என் இடுப்பை விட்டு இறங்காது" என்றார். அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அதற்கு அவருடைய செல்போன் எண்ணோ, ஆயுதத்தின் எண்ணோ, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரமோ தேவையே இல்லை. அக்கம்பக்கத்தின் உரிமை என்று ஒன்று உண்டு, அதை மறுக்கக் கூடாது என்று அன்று புரிந்தது. ஆனால் அந்த உரிமை நிறைவேற வேண்டிய வழி வேறு.

போன் வந்தது

வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. அதற்கடுத்த வாரம் துப்பாக்கி திரும்பி வந்தது. அட்டைத் துண்டை அவிழ்த்து, எண்ணெய் போட்டு, மறுபடி பீரோவுக்குள் வைத்தாயிற்று. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது பெரியப்பாவுக்குப் போன் வந்தது. காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

குரல் பணிவாகத்தான் இருந்தது. "ஐயா வணக்கம். பொருள் ஸ்டேஷன்ல இருந்து வந்திருக்குமே?" என்றான். பெரியப்பா ஸ்டேஷனிலிருந்து பேசுகிறார்கள் என்று நினைத்து, "வந்துடுச்சுங்க" என்றார். "டபுள் பேரல் தானுங்களே. லைசென்ஸ் அடுத்த வருஷம் முடியுது. ரினியூ பண்ணப் போறீங்களா, இல்ல கொடுத்துடறீங்களா? வாங்கறதுக்கு ஆள் இருக்கு." பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருப்பா நீ?" என்றார். "அது எதுக்குங்க ஐயா. நம்பர்கூட என்கிட்ட இருக்கு, சொல்லட்டுங்களா?" என்று சொல்லி, எண்ணைப் படிக்க ஆரம்பித்தான். அந்தத் தேய்ந்த இடத்தில், எட்டு என்றே படித்தான். பெரியப்பா போனை அணைத்துவிட்டார்.

சட்டம் தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கும் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. லைசென்ஸ் உள்ளவன் துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் அண்ணா சாலையில் கடைக்குப் போவான். தெரியாத ஒரு கிழவருக்குப் போன் செய்து, பெயர் சொல்லாமல் ஆள் இருக்கிறது என்று சொல்ல மாட்டான். லைசென்ஸ் கிடைக்காதவனுக்குத்தான் இந்தப் பட்டியல் பொக்கிஷம். யாரிடம் நல்ல துப்பாக்கி இருக்கிறது, அது எப்போது வீட்டில் இருக்கிறது, எடுக்க வந்தால் யார் தடுப்பார்கள், மூன்றுமே அதில் இருக்கின்றன. துப்பாக்கி தவறான கைக்குப் போகக் கூடாது என்பதற்காக எடுத்த கணக்கே, அது அந்தக் கைக்குப் போக வழி சொல்லிவிடுகிறது.

பெரியப்பா பேசாமல் இருந்தார். சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மாதான் முதலில் பேசினார். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கோம்னும் அவனுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும். குறிப்பு என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். அதன் பிறகு பெரியப்பா பேங்குக்கோ மருந்து வாங்கவோ போனால் பெரியம்மா வீட்டில் இருப்பதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு எதிர்வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அந்தப் பெண் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "தெரியணும்னு கேட்டது என் பிள்ளைங்களுக்காகக்கா. யாருக்கோ எல்லாம் தெரியணும்னு நான் கேட்கவே இல்ல."

ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த எண்ணைத் திரும்ப அழைத்தபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பட்டியல் எப்படி வெளியே போனது என்று ஓர் இளம் காவலரிடம் கேட்டேன். மறைக்காமல் சொன்னார். மேலிடத்திலிருந்து வருவதைத் தாளில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக முடியாது, அதனால் போட்டோ எடுத்து பீட் காவலர்கள் குழுவில் போட்டுக்கொள்வார்கள், யார் ஒப்படைத்தார்கள் யார் இல்லை என்று அதிலேயே குறிப்பார்கள். "வேற எப்படிங்க மேடம் வேலையை முடிக்கிறது? எங்களுக்குன்னு ஒரு வழி இருந்தா சொல்லுங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தேர்தல் நேரத்தில் இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்க்கிறார். அவர் கையில் அரசாங்கம் கொடுத்த கருவி ஒரு தாள், அவருடைய சொந்த போன், அவ்வளவுதான். அந்தத் தாளில் இருப்பது அத்தனைக்கும் அவர் பொறுப்பு என்று சொல்வது அநியாயம். அதைத் தொகுத்து அவர் கையில் திணித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பட்டியல் ஏன் இவ்வளவு நீளம்

இதைத் தேடிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்த விஷயம்: எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி இல்லை. தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்க வேண்டும் என்றுதான் ஆணையம் சொல்கிறது. ஜாமீனில் வெளியே இருப்பவர்கள், குற்றப் பின்னணி உள்ளவர்கள், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் காலக் கலவரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோரைக் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது. அதற்கென்று ஒரு குழு உட்கார்ந்து, யாரிடமிருந்து வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். பொத்தாம்பொதுவாக எல்லோரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அலகாபாத் உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறது? ஒவ்வொருவராகப் பார்ப்பதைவிட எல்லோரையும் கூப்பிடுவது சுலபம். வங்கிக் காவலர்கள், போட்டிக்குப் போகிற துப்பாக்கி சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்கு விலக்கு. மற்றபடி அத்தனை பேரும் பட்டியலில்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கிகள் உள்ளே போவதை நான் எதிர்க்கவில்லை. சொல்லப்போனால் எல்லோரிடமும் வாங்கினால்கூட எனக்கு மனக்குறை கிடையாது. நான் பார்ப்பது வேறு. குழு உட்கார்ந்து பரிசீலித்திருந்தால் ஒரு ஸ்டேஷனுக்குப் போகிற பெயர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுக்கு எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் போயிருக்கும். எல்லோரையும் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டதால்தான் நீளமான பட்டியல் வேண்டியிருக்கிறது, அந்த நீளப் பட்டியலைக் கையாளத்தான் போட்டோவும் வாட்ஸாப்பும் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிய நகல்கள். மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி, இடையில் ஏதாவது இடைத்தேர்தல். பழைய நகல்கள் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. சோம்பல் ஒரு பக்கம் மிச்சம் பிடித்த வேலைக்கு, மறு பக்கம் பெரியம்மா எதிர்வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறது.

மத்திய அரசு இதற்கென்று தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் ஒன்றை வைத்திருக்கிறது. ஒவ்வொரு லைசென்ஸுக்கும் யுஐஎன் என்று ஒரு தனி எண். அது இல்லாத லைசென்ஸ் செல்லாது. பெரியப்பாவும் அலைந்து திரிந்து வாங்கி, புத்தகத்தில் பதிய வைத்திருக்கிறார். எந்த மாநிலத்தில் கொடுத்த லைசென்ஸ் போலி, எது உண்மை என்று கண்டுபிடிக்க இது மிகவும் தேவையான ஏற்பாடு. இதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அப்படி ஒரு தளம் இருக்கும்போது, ஒருவர் ஒப்படைத்தாரா இல்லையா என்று குறிப்பதற்கு யுஐஎன் ஒன்று போதாதா? முகவரி, போன், குடும்ப நிலவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டித்தான் ஆக வேண்டுமா?

அமெரிக்காவில் வேறு சண்டை

துப்பாக்கி, பதிவேடு என்று தேடினால் அமெரிக்காதான் முன்னால் வந்து நிற்கும். 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் நியூயார்க் மாநிலத்தின் ஜர்னல் நியூஸ் என்ற நாளிதழ், இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி வைத்திருப்போரின் பெயர்களையும் முகவரிகளையும் இணைய வரைபடத்தில் போட்டது. திருட்டுத் தகவல் இல்லை, அங்கே அது அப்போது பொது ஆவணம், தகவல் சட்டப்படி கேட்டு வாங்கியது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2013 ஜனவரியில் அந்த மாநிலம் கொண்டுவந்த துப்பாக்கிச் சட்டத்தில், என் விவரத்தை வெளியிடாதீர்கள் என்று உரிமையாளர் கோர வழி செய்தார்கள். வரைபடமும் எடுக்கப்பட்டது. 2022 ஜூனில் கலிஃபோர்னியாவில் வேறு விதம். மாநில நீதித்துறை வெளிப்படைத்தன்மைக்காக ஒரு புள்ளிவிவரப் பக்கம் திறந்தபோது, மறைத்துத் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டவர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் சேர்ந்து வெளியே வந்துவிட்டன. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,92,000 பேர். அதே நாட்டில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசு துப்பாக்கி உரிமையாளர் பதிவேடு வைக்கவே தடை போடுகிறது. மூடிய கடைகளின் பழைய விற்பனைச் சீட்டுகளை மேற்கு வர்ஜினியாவில் ஓர் அலுவலகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள், பெயரைப் போட்டுத் தேட முடியாதபடி வெறும் படங்களாக.

கடைசியாகச் சொன்ன அந்தத் தடை இங்கே வந்துவிடக் கூடாது. அங்கே துப்பாக்கி அரசியல் சாசன உரிமை. ஒரு பெரிய கூட்டம், கணக்கெடுத்தால் அடுத்து பறிமுதல்தான் என்று பயப்படுகிறது. அதனால் கொலை நடந்த பிறகும் துப்பாக்கியின் வரலாற்றைத் தேடக் காவல்துறை தாள் புரட்ட வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமை இல்லை, அனுமதி. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள், அது நல்ல காரியம். அரசாங்கம் பதிவேடு வைக்கலாமா என்ற கேள்வி நமக்கு இல்லவே இல்லை. வைத்த பிறகு அதை யார் திறக்கலாம், எதற்குத் திறக்கலாம், திறந்ததற்கு என்ன அடையாளம் என்பதுதான் நம் கேள்வி. அதை இங்கே யாரும் கேட்பதாகவே தெரியவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவருக்கு என்ன அந்தரங்கம் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் பெரியம்மா கேட்ட கேள்விதான் அதை உடைத்தது. துப்பாக்கி அவருடையது இல்லை. லைசென்ஸ் கேட்டதும் அவர் இல்லை. ஆனாலும் பட்டியலில் அவரும் இருந்தார்.

பட்டியல்களோடு தமிழர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கைரேகைச் சட்டம் என்று நம் ஊரில் சொல்கிற குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு சாதியில் பிறந்தவர்களின் பெயரையும் ரேகையையும் எடுத்து வைத்து, அதைக் கொண்டு அவர்கள் இரவில் எங்கே தூங்க வேண்டும் என்பது வரை முடிவு செய்தது. அதை எதிர்த்து நின்றதற்காக மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து மக்கள் செத்தார்கள். விருப்பப்பட்டு லைசென்ஸ் வாங்கிய, பெரும்பாலும் வசதியான துப்பாக்கி உரிமையாளர்களை அந்த மக்களோடு ஒப்பிடுவது பாவம், நான் ஒப்பிடவில்லை. ஆனால் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நீக்கப்பட்ட பிறகும், "அந்த ஊர்க்காரனா நீ?" என்று ஸ்டேஷனில் கேட்பது நிற்கவில்லை என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுதி வைத்த காரணம் போன பிறகும், எழுதி வைத்தது போவதில்லை. பெரியப்பா நாளைக்கே துப்பாக்கியை விற்றுவிட்டாலும், அந்தப் போட்டோ எத்தனை போன்களில் இருக்கிறதோ அத்தனையிலும் அவர் வீட்டில் துப்பாக்கி இருந்துகொண்டேதான் இருக்கும்.

சட்டத்தில் பிடி இருக்கிறதா

புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசாங்கம் அதற்குள் நுழைய வேண்டுமானால் சட்டம் ஒன்று இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், நுழைவது நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது. எங்கள் விஷயத்தில் முதல் இரண்டும் சரியாக இருக்கின்றன. ஆயுதச் சட்டம் இருக்கிறது, தேர்தல் அமைதி நியாயமான நோக்கம். மூன்றாவதில்தான் அடிவாங்குகிறது. துப்பாக்கி வந்து சேர்ந்ததா என்று பார்க்க, அந்த வீட்டில் ஒரு கிழவி மட்டும்தான் துணை என்பது எதற்கு?

2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு நம்பிக்கையும் பயமும் மாறி மாறி வந்தன. குற்றத் தடுப்பு, புலனாய்வு மாதிரி காரியங்களுக்குத் தரவைக் கையாளும்போது அந்தச் சட்டத்தின் பெரும்பாலான கடமைகள் பொருந்தாது. ஆனால் தரவைக் கசியாமல் பாதுகாக்கும் கடமை, அதாவது 8ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு, அந்த விலக்கில் சேரவில்லை. வைத்துக்கொள்ளலாம், ஆனால் பத்திரமாக வைத்துக்கொள் என்று பொருள். நல்லது. ஆனால் அதே 17ஆம் பிரிவில் இன்னோர் இடத்தில், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு எந்த அரசு அமைப்பை அறிவிக்கிறதோ, அதற்கு இந்தச் சட்டமே பொருந்தாமல் போய்விடும். பொது ஒழுங்கு என்ற சொல்லுக்குள் எதைத்தான் அடைக்க முடியாது? 2024 மே மாதம், எங்கள் பட்டியல் சுற்றிக்கொண்டிருந்த அதே சமயத்தில், தமிழகக் காவல்துறையின் முகம் அறியும் மென்பொருள் தளத்திலிருந்து தரவு கசிந்ததாகச் செய்தி வந்தது. தாளானாலும் சரி, கணினியானாலும் சரி, சேர்க்கிற ஆர்வத்தில் பாதிகூடக் காப்பதில் இல்லை.

என்ன வேண்டும் என்று கேட்டால், கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லவில்லை. போலீஸ் பார்க்கட்டும், தேவைப்பட்டால் நள்ளிரவிலும் பார்க்கட்டும். ஆனால் யார், எப்போது, எந்தக் காரணத்துக்காகப் பார்த்தார்கள் என்பது தளத்தில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவை லைசென்ஸ் வைத்திருப்பவர் கேட்டால் காட்ட வேண்டும். ரகசியப் புலனாய்வு நடந்தால் அது முடிந்த பிறகு காட்டட்டும். தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனுக்குப் பெயரும் யுஐஎன் எண்ணும் மட்டும் போகட்டும், பீட் காவலருக்கு அதைக் குறிக்க அரசாங்கமே ஒரு வழி செய்து தரட்டும். தேர்தல் முடிந்ததும் நகல்கள் அழிக்கப்பட்டன என்று ஓர் அதிகாரி கையெழுத்துப் போடட்டும். இதில் எதுவும் பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை.

இதையெல்லாம் மனுவாக எழுதிக்கொண்டு போனபோது, பெரியப்பா ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். "இதெல்லாம் அப்புறம் வரட்டும். முதல் வரியா ஒண்ணு எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "குறிப்பு என்ற கட்டத்தில் என் மனைவியைப் பற்றி எழுதியிருப்பதை எல்லா நகல்களிலிருந்தும் நீக்கி, நீக்கியதை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும்." அதை முதலாவதாகவும் என்னுடையதை அடுத்தும் வைத்து, அவர் கையெழுத்தோடு ஆணையர் அலுவலகத்தில் கொடுத்தோம். முத்திரை குத்தி ஒரு நகல் தந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், அடுத்த தேர்தலும் வரும். புதுப்பிக்கப் போகும்போது அந்த நகலையும் எடுத்துப் போய், முதல் வரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கப் போகிறோம். துப்பாக்கியை வைத்துக்கொள்வதா கொடுத்துவிடுவதா என்பதைப் பெரியம்மா சொல்கிறபடி செய்வதாகப் பெரியப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். பெரியம்மா இன்னும் சொல்லவில்லை.